இரண்டு போதாது, மூன்று வேண்டும்!

ஓசூரில் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் எல்லாம் தயாராகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு உதிரி பாகத்தையும் பெரிய தொழிற்சாலையே செய்வதில்லை. அருகிலுள்ள சிறு பட்டறைகளுக்கு 'ஜாப் ஒர்க்' கொடுத்தும் வாங்கிக்கொள்கிறது. முக்கியமான வேலையை மட்டும் தன் மதிலுக்குள் வைத்துக்கொள்கிறது.

கணிப்பொறி உலகிலும் இந்த ஏற்பாடு உண்டு. சொந்தக் கணிப்பொறிகளோடு, வெளியே வாடகைக்குக் கிடைக்கும் கணிப்பொறிகளையும் சேர்த்துப் பயன்படுத்துவதே 'ஹைபிரிட் கிளவுட்', அதாவது கலப்பு மேகம்.

இதற்கு அடிப்படை மெய்நிகர் கணிப்பொறி. ஒரே இயந்திரத்தைப் பல கணிப்பொறிகளைப்போல் இயங்கவைக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இது புதிய கருத்தன்று. 1960களிலேயே அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் மையம் இதைச் செய்து காட்டியது. மெய்நிகர் கணிப்பொறிக்கு இரும்பு உடல் கிடையாது. ஆகவே அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே வேறு இயந்திரத்துக்கு மாற்றிவிடலாம்!

இத்தகைய அமைப்பைத் தொழிற்சாலையில் பொருத்துமுன் சோதனைக் கூடத்தில் அமைத்துப் பார்ப்பார்கள். அதற்கு எத்தனை இயந்திரங்கள் வேண்டும்? ஒன்று நின்றால் மற்றொன்று இருக்கிறதே, இரண்டு போதும் என்பீர்கள்.

இரண்டையும் இணைக்கும் கம்பி அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 'மற்றது நின்றுவிட்டது' என்று இரண்டுமே முடிவு செய்யும். ஒரே மெய்நிகர் கணிப்பொறியை இரண்டும் இயக்கத் தொடங்கும். ஒரு கணக்கு நோட்டில் இருவர் ஒருவரையொருவர் பாராமல் எழுதினால் என்ன ஆகும்? பொது வட்டிலுள்ள தகவலும் அப்படித்தான் பாழாகும். இதற்கு 'மூளைப் பிளவு' என்று பெயர்.

மூன்று இயந்திரங்கள் இருந்தால் இந்த ஆபத்து இல்லை. தனித்துப்போன ஒன்று, தனக்குப் பெரும்பான்மை இல்லை என்று அறிந்து வேலையை நிறுத்திக்கொள்ளும். மற்ற இரண்டும் அதன் வேலையை எடுத்து நடத்தும்.

மூன்றில் ஒன்றை வாடகை இயந்திரமாக வைக்கலாமா? அது மும்பையில் இருந்தால் ஓசூரிலிருந்து சுமார் 1,000 கி.மீ. ஒளி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். எனவே ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பக் குறைந்தது 10 மில்லிவிநாடி ஆகும். ஒரே அறைக்குள் 1 மில்லிவிநாடிகூட ஆகாது. நொடிதோறும் பலமுறை ஒன்றையொன்று விசாரிக்கும் இயந்திரங்கள் அருகருகே இருப்பதே நல்லது. கூடுதல் வேலைக்கும் நகல்களைச் சேமிக்கவும் வெளி இயந்திரங்கள் போதும்.

எல்லாம் தயாரானதும் ஓர் இயந்திரத்தின் கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கவனிப்பார்கள். ஓடும் தொழிற்சாலையில் இப்படிச் செய்து பார்க்க முடியுமா? சோதனைக் கூடத்தின் பயன் இதுவே.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. மூன்றுக்குப் பதில் நான்கு இயந்திரங்கள் வைத்தால் பாதுகாப்பு கூடுமா? பெரும்பான்மைக்கு எத்தனை வேண்டும் என்று கணக்கிட்டு, நண்பர்களுடன் விவாதியுங்கள்!