மண் எடுக்கிறவங்களோட ஒரு காலைப் பொழுது

வேனின் பின்கதவு திறந்ததும் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை எனக்கு. ஆகர் கம்பிகள், கடப்பாரை, பிளாஸ்டிக் வாளிகள், துணி துவைக்கிற பிரஷ், காய்ச்சி வடித்த தண்ணீர் கேன்கள், ஐஸ் பாக்ஸ், கட்டுக்கட்டாக ஜிப் கவர், சுருட்டிய தார்ப்பாய், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு! வாழைப்பழச் சீப்பும் மோர்க் கேனும் மட்டும் முன் சீட்டில், டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில். “சாப்பாட்டுச் சாமானைப் பின்னாடி ஏத்தவே மாட்டேங்க. திரும்பி வரும்போது அங்கதானே மண்ணு உட்காரப் போவுது” என்றார்.

மண் பரிசோதனை அறிக்கைகளில் வரும் எண்களைப் படித்திருக்கிறோம். அந்த எண்ணுக்காக யார் வியர்வை சிந்துகிறார்கள் என்று பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு அமையுமா? நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டையும் கனமான பூட்ஸும் இருந்தால் போதும்.

போவது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலி நிலத்துக்கு. தோலுக்கும் ரசாயனத்துக்கும் பேர்போன ஊர். மூடிக்கிடக்கும் ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டுமே இங்கே 2 லட்சம் டன்னுக்கு மேல். பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் இந்த ஊரும் இருந்தது. அந்தக் கழிவில் இருக்கும் குரோமியம் 6 லேசுப்பட்டது இல்லை. தூசியாக மூச்சில் ஏறினால் நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். தோலில் சின்னக் கீறல் இருந்தாலும் ஆறாத புண்ணாக்கும். அந்த மண்ணைத்தான் இந்த வேனில் வருகிறவர்கள் பரிசோதனைக்காகக் கையால் அள்ளப் போகிறார்கள்.

கத்திரி வெயில் காலம். காலை 6 மணிக்கு ஆரம்பித்து 11-க்குள் கடையைக் கட்டிவிட வேண்டும். ஆனால் இறங்கியதும் யாரும் கடப்பாரையைத் தொடவில்லை. வேப்பமர நிழலில் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். குழுவை நடத்துகிற பொறியாளர் பெண்ணுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். எல்லோருக்கும் ‘மேடம்’. “கையில காயம் யாருக்கு இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவரின் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தம்பிக்கு விரலில் பிளேடு கீறல். அவ்வளவுதான், இன்றைக்கு அவனுக்கு எழுத்து வேலை! முகம் தொங்கிவிட்டது அவனுக்கு. வாலாஜா அரசு மருத்துவமனைக்கு எந்தப் பாதையில் போக வேண்டும் என்று டிரைவர் அண்ணன் ஒருமுறை சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னார். பிறகு ஆளுக்கொரு கம்போடு புதரைத் தட்டிக்கொண்டு நடந்தார்கள். இந்தப் பக்கம் கண்ணாடி விரியன் உண்டு.

முதல் குழி. குழி வெட்டுகிறவர் அறுபதைத் தொட்ட பெரியவர். கடப்பாரையை ஓங்கிப் போடுவார் என்று பார்த்தால், சின்னக் கொத்தாகக் கொத்திக் கொத்தி மண்ணை விரலால் தடவிப் பார்க்கிறார். திடீரென்று கை நின்றது. “மேடம், மணலு வருது. கீழ செங்கல் மாதிரி தட்டுது.”

எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். நிலத்தடி மின் கேபிளை மணலில் படுக்கவைத்து, மேலே செங்கல் அடுக்கி மூடுவது வழக்கம். சுற்றிலும் கருமண்ணாக இருக்கும் இடத்தில் சுத்தமான மணல் வந்தால் கீழே கரன்ட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வரைபடத்தில் அங்கே ஒன்றுமே இல்லை! குழி தள்ளிப்போனது. இவர் கை காட்டிக்கொடுத்தது பாருங்கள், எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அடுத்த இடத்தில் வெள்ளை சூட், முகமூடி, இரட்டைக் கையுறை. முதலில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குகிறார்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரிதான் நிற்பார்கள். காற்று திசை மாறினால் எல்லோரும் சேர்ந்து இடம் மாறுகிறார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை. மாதிரி கெடக்கூடாது என்பதற்காக மட்டும்தான் என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். ஆனால் அந்த மண் தோலில் படாமல் இருப்பதும் அதே கையுறையால்தான். கழற்றும்போது விரல் நுனிகளிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகக் கொட்டுகிறது. பெரியவர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பதும் அதற்காகத்தான். கவரில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் மேடம் அந்த மாதிரியைத் தூக்கிப்போட்டுவிடுவார்!

இருவர் இருவராக ஜோடி சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் கவனிக்க வேண்டும். பேச்சு குழறுகிறதா, தலை சுற்றுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா? எல்லாம் வெயில் ஏறுவதன் அடையாளம். “அப்படிப் பார்த்தா எங்க மேஸ்திரிக்கு மார்கழி மாசத்துலயும் வெயில் ஏறுதுபா” என்று ஒரு குரல் வந்ததும் முகமூடிகளுக்குள் ஒரே சிரிப்பு. மேஸ்திரியும் சேர்ந்து சிரித்தார்.

இடைவேளையில் மோர். அதற்கு முன் கையுறை கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி, முகம் கழுவினால்தான் டம்ளர் கைக்கு வரும். வேலை முடியும் வரை பீடி கிடையாது. பெரியவரின் கட்டு டிரைவர் அண்ணன் பொறுப்பில்.

நிழலில் உட்கார்ந்து மேடம் சொன்னதை எழுதாமல் விட மனம் வரவில்லை. களத்துக்கு வருகிற பெண்கள் தண்ணீர் குடிக்கவே பயப்படுவார்களாம். ஒதுங்க இடம் இருக்காது. இந்த வெயிலில், இந்த சூட்டுக்குள், தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு ஆபத்து! அதனால் அவர் தலைமையில் கிளம்பும் வண்டிக்கு எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்ரோல் பங்க். யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. டிரைவர் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து அவரே சாவியைத் திருகுவார். ஹெல்மெட் போடச் சொல்லும் பலகை எல்லா இடத்திலும் இருக்கிறது. இதைச் சொல்லும் பலகையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

கடைசிக் குழி, பொக்லைன் வெட்டிய ஆழமான பள்ளம். விளிம்பில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்த இன்னொரு தம்பியின் கையிலிருந்து எவர்சில்வர் கரண்டி நழுவி உள்ளே விழுந்தது. “தோ, ஒரு நிமிஷம்” என்று அவன் காலைத் தூக்கினானோ இல்லையோ, நாலு பக்கமிருந்தும் ஒரே சத்தம்: “டேய், எறங்காதே!”

ஒன்றரை மீட்டரைத் தாண்டிய பள்ளத்தில், சுவருக்கு முட்டுக்கொடுக்காமல் ஒருவரும் இறங்கக்கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் எடை வரும். சரிந்தால் நெஞ்சை அழுத்தி மூச்சு விட விடாது. கத்தி ஆள் கூப்பிடக்கூட நேரம் இருக்காது. நீளக் கம்பில் கொக்கி கட்டி, கால் மணி நேரம் துழாவி, கரண்டியை மீன் பிடிக்கிற மாதிரி தூக்கினார்கள். தம்பிக்குக் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் அவன் தோளில் கைபோட்டு, “கரண்டி கடையில கெடைக்கும் கண்ணு” என்றார். அதற்குமேல் யாரும் அவனைத் திட்டவில்லை.

11 மணி. தார்ப்பாய் விரித்தாகிவிட்டது. கழற்றுவதற்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் பூட்ஸைப் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும், பிறகு வெளிக் கையுறை, சூட், முகமூடி, கடைசியாக உள்கையுறை. சூட் எல்லாம் தனிப் பையில். உள்ளே போட்டிருந்த சட்டையும் வீட்டுக்குப் போகாது, மாற்றுச் சட்டை வேனில் இருக்கிறது. “வாசல்லயே பேத்தி ஓடிவந்து கட்டிக்கும் சார். இந்த மண்ணோட எப்படித் தூக்குறது?” என்று கேட்டபடி பெரியவர் நகக்கண்களைப் பிரஷால் தேய்த்தார். தேய்த்துவிட்டு இரண்டு கையையும் மேடத்திடம் நீட்டினார். அவர் பத்து நகத்தையும் பார்த்துத் தலையசைத்தார்.

“அடுத்த வாட்டி எனக்கு ஒரு சைஸ் பெரிய கிளவுஸா வாங்குங்கம்மா. இது கட்டை விரல்கிட்ட பிடிக்குது, கிழிஞ்சிடப் போவுது.”

மேடம் அங்கேயே, நின்றபடியே, டைரியைத் திறந்து எழுதிக்கொண்டார்.