சட்டக் கல்லூரியில் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?



பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நம் வீடுகளில் நடக்கும் பேச்சு இன்ஜினியரிங், பி.காம்., இல்லையென்றால் கடை, வளைகுடா என்ற அளவில் முடிந்துவிடுகிறது. பெண் பிள்ளை என்றால் பேச்சே எழாத வீடுகளும் உண்டு. சட்டப் படிப்பின் பெயர் அநேகமாக யார் வாயிலும் வருவதில்லை. ஆனால் அறக்கட்டளை அலுவலகத்துக்கு நம் மக்கள் கொண்டு வரும் காகிதங்கள் பெரும்பாலும் சட்டம் சார்ந்தவை: பெயர் பிழையான பத்திரம், வாரிசுச் சான்றிதழ், தலாக் ஆன பெண்ணின் ஜீவனாம்சம், கடையைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். வாசித்து விளக்க நம்மில் ஆள் குறைவு. எனவே சட்டக் கல்லூரி பிள்ளைகளுக்கு என்ன தருகிறது என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

எங்கே படிக்கலாம்?

நம் மாநிலத்தில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் 1997 முதல் இயங்கி வருகிறது. அதன் சொந்தக் கல்லூரியான சீர்மிகு சட்டப்பள்ளி 2002-இல் தொடங்கப்பட்டது. சென்னை பெருங்குடி வளாகத்தில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. ஆகியவற்றில் ஒன்றோடு எல்.எல்.பி.யும் சேர்ந்த ஐந்தாண்டு ஹானர்ஸ் படிப்புகளும், பட்டதாரிகளுக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. ஹானர்ஸும் அங்கே உண்டு. இதே பல்கலைக்கழகத்தின் கீழ் மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர், இராமநாதபுரம் முதலிய ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு மூலம் இடம் கிடைக்கும். திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கிளாட் தேர்வு எழுத வேண்டும்.

வகுப்பில் என்ன நடக்கிறது?

அரசியலமைப்புச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், சொத்துரிமை, குற்றவியல் சட்டம், வரி, தொழிலாளர் சட்டம் ஆகியவை எல்லோருக்கும் பொது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் இப்போது பாடம்.

குடும்பச் சட்டப் பாடத்தில் நமது தனியார் சட்டமும் இடம்பெறுகிறது. நிக்காஹ், மஹர், தலாக், ஹிபா, வாரிசுப் பங்கு, வக்ஃபு ஆகியவற்றோடு 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமும், பெண்கள் மணவிலக்குக் கோர வழி செய்த 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் கற்பிக்கப்படுகின்றன. தலாக் ஆன மனைவியின் வருங்காலத்துக்கும் நியாயமான ஏற்பாட்டை முன்னாள் கணவர் இத்தா காலத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று மாதச் செலவோடு கணக்கு முடிந்தது என்று எண்ணும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அந்தத் தீர்ப்பை வாசித்த ஒரு பிள்ளை மஹல்லாவில் இருந்தால் எத்தனை பெண்களுக்கு உதவும்!

மதரஸாவில் ஃபராயிள் படித்த பிள்ளைக்கு வாரிசுப் பங்குக் கணக்கு புதிதல்ல. அதை நீதிமன்றத்தில் நிறுவும் முறையை இங்கே கற்றுக்கொள்வார்.

ஏட்டுப் படிப்பு மட்டுமல்ல

மனு எழுதுதல், பத்திரம் தயாரித்தல், சமரசப் பேச்சு, தொழில் ஒழுக்கம் ஆகியவை இந்திய பார் கவுன்சில் விதிப்படி கட்டாயம். மாதிரி நீதிமன்றத்தில் மாணவர்கள் கற்பனை வழக்கொன்றை எடுத்து, நீதிபதி முன் நிற்பதுபோல் நின்று வாதாட வேண்டும். நாலு பேர் முன் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய பயிற்சி. உண்மையான வழக்கு விசாரணையையும் நேரில் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். மேலும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் வழக்கறிஞர்களிடமோ பிற அமைப்புகளிலோ இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும்.

கல்லூரியின் சட்ட உதவி மையம் வழியாக மாணவர்கள் ஏழைகளின் குறைகளைக் கேட்டு வழிகாட்டுகிறார்கள். இந்த இடத்தில் ஒரு தகவல்: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

நம் வீடுகளில் எழும் மூன்று கேள்விகள்

“வக்கீல் தொழில் பொய்த் தொழில் அல்லவா?” எந்தத் தொழிலிலும் நேர்மையானவரும் அல்லாதவரும் உண்டு. முறைகேடான வழியில் பிடிவாதமாக நிற்கும் கட்சிக்காரரின் வழக்கை ஏற்க மறுக்க வேண்டும் என்பது பார் கவுன்சிலின் விதி. பறிக்கப்பட்ட ஹக்கை மீட்டுக் கொடுப்பதும் இதே தொழில்தான்.

“பெண் பிள்ளைக்கு எதற்கு?” கேரளத்தின் பத்தனம்திட்டாவில் பிறந்த ஃபாத்திமா பீவி அவர்களை வேதியியலில் இருந்து சட்டத்துக்குத் திருப்பியவர் அவருடைய அத்தா மீரா சாஹிப். 1950-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்த அவர், 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். மேலே சொன்ன சட்டப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1997-இல் தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தவரும் அவரே.

“கடையைப் பார்த்துக்கொண்டே படிக்கலாமா?” முடியாது. எல்.எல்.பி.யைத் தபால் வழியில் படிக்க இயலாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். வகுப்புக்கே வராமல் வெளிமாநிலத்தில் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று அணுகும் தரகர்களிடம் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

ஓதிக்கொண்டே பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தொலைநிலை வழியில் எழுதித் தேறிய ஹாஃபிழ்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு இடமில்லை.

செலவும் சலுகையும்

அரசு கல்லூரிகளில் கட்டணம் குறைவு. சீர்மிகு சட்டப்பள்ளியில் அதைவிடக் கூடுதல். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உள்ளது. இதற்கு ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, தக்கனி, ஷேக், சையத் என உங்கள் பிரிவு குறிப்பிட்ட சாதிச் சான்றிதழ் தேவை. அதில் பிழை இருந்தால் கலந்தாய்வின்போது திருத்த நேரம் இருக்காது. இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடும், அப்படிப் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு.

படிப்புக்குப் பின்

மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேறினால் வழக்காடலாம். நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வழக்காடிய அனுபவம் அவசியம் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தொடக்க ஆண்டுகளில் சீனியரிடம் வருமானம் குறைவுதான். பெற்றோர் அதற்கும் சேர்த்து மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். நிறுவனங்களின் சட்டப் பிரிவு, வங்கி, அரசு வழக்கறிஞர் பணி, எல்.எல்.எம். முடித்துப் பேராசிரியர் பணி என வேறு வழிகளும் இருக்கின்றன.

ஒவ்வொரு வீட்டிலும் வக்கீல் வர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு மஹல்லாவுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று ஆண்டுதோறும் சேர்ந்தாலே போதும். விருப்பமுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் மதிப்பெண் பட்டியலோடும் சாதிச் சான்றிதழோடும் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். விண்ணப்பம் நிரப்புவதிலும் புத்தகச் செலவிலும் இன்ஷா அல்லாஹ் துணை நிற்போம்.

— செயலாளர்