பள்ளி மூலையில் ஒரு சிறு வனம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டப் பகுதியை அடையலாம். அகத்தியர்கூடத்துக்குச் செல்வோர் நடைப்பயணத்தைத் தொடங்குவது இங்கிருந்துதான். இம்மலைத் தொடரின் கீழ்ப்புறத்தை நாம் பொதிகை என்று போற்றுகிறோம். அங்கு ஊறும் தாமிரபரணி நெல்லைச் சீமையின் வயல்களை வாழ்விக்கிறது. மேற்புறச் சரிவின் நீரோ கரமனை ஆறாகி, 1983-இல் அமைந்த பேப்பாறை அணையில் தேங்கி, திருவனந்தபுரம் நகரத்தாரின் தாகம் தீர்க்கிறது. தேயிலை பறிக்க மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர்.

போனக்காட்டின் தேயிலை ஆலை ஓய்ந்து பல ஆண்டுகளாயின. கவாத்து செய்யப்படாத தேயிலைச் செடி இடுப்பளவில் நிற்பதில்லை; மரமாகவே உயர்ந்துவிடும். மனிதர் கைவிட்ட நிலம் தானே காடாகிவிடும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது ஓரளவே உண்மை. காட்டு மரத்தின் விதையைச் சுமந்துவர இருவாட்சியும் மந்தியும் வேண்டும். விழுந்த விதை முளைக்க ஈரமும், முளைத்த கன்று பிழைக்க நிழலும் வேண்டும். இவை அமைவதற்குள் அயல்நாட்டுக் களைகள் முந்திக்கொள்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக நம் நாட்டுக்குக் கொணரப்பட்ட உண்ணிச்செடி, இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் பல சரிவுகளில் வேறெதனையும் தலையெடுக்க விடாமல் படர்ந்து நிற்கிறது.

பெருநிலத்துக்கு நேர்ந்த இக்கதியே பள்ளிக்கூடத்தின் பின்புறத்துக்கும் நேர்கிறது. எந்த ஊர்ப் பள்ளியிலும் சுற்றுச்சுவரோரமாக யாரும் எட்டிப்பாராத ஒரு மூலை உண்டு. அங்கே புதர் மண்டிக் கிடக்கும். உடைந்த பலகைகள் குவிந்திருக்கும். அந்த மூலையைத் தொடக்கப்பள்ளிச் சிறார்களே மீட்டெடுக்க இயலுமா? இயலும். போனக்காட்டைப் போன்ற மலைத்தோட்டப் பகுதியின் பள்ளி ஒன்றை மனத்திற்கொண்டு அதன் முறையை விளக்குவோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறோம். அழகுபடுத்துதல் வேறு, மீட்டெடுத்தல் வேறு. வரிசையாகப் பூச்செடி வைத்துச் சுண்ணாம்பு பூசிய கற்களை அடுக்குவது அழகுபடுத்துதல். அந்த மண்ணில் முன்பு எவை வாழ்ந்தனவோ அவை மீண்டும் தாமாகவே வாழ வழிசெய்வது மீட்டெடுத்தல். முன்னது ஒரு வாரத்தில் முடியும். பின்னதற்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

முதற்பணி, நடுவதன்று, பார்ப்பது. புதருக்குள் எவ்வெச் செடிகள் ஏற்கெனவே முளைத்துள்ளன என்று சிறார்கள் கணக்கெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டி எறிந்தால், தானே முளைத்த நாவற்கன்றும் களையோடு போய்விடும். ஆதலின் காக்கவேண்டிய கன்றுகளின் அருகே குச்சி நட்டு அடையாளமிட வேண்டும். பாம்பும் அட்டையும் உள்ள இடமாதலால், பெரியவர்கள் முதலில் புகுந்து பார்த்த பின்னரே சிறார்களை அனுமதிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, களை நீக்குதல். உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் அது முன்னிலும் அடர்ந்து தழைக்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரைத் துண்டித்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட வேண்டும். இது பெரியவர்களின் வேலை. மழைக்குப் பின் இளகிய மண்ணிலிருந்து இளங்களைகளைக் கையால் பிடுங்குவது சிறார்களின் வேலை.

மூன்றாவது, விதை. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் நெல்லைப் போலச் சேமித்துவைக்கத் தக்கவை அல்ல. உதிர்ந்த சில நாட்களில் அல்லது வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். பாதையோரத்தில் விழுந்த விதைகளைப் பொறுக்கி உடனே நாற்றுப்பைகளில் ஊன்ற வேண்டும். அடர்காட்டினுள் விழுந்தவற்றைக் காட்டுக்கே விட்டுவிட வேண்டும். பருவமழை தொடங்கும்போது நட்டு, முதல் இரண்டு மூன்று கோடைகளில் நீரூற்றிக் களையெடுத்துக் காக்க வேண்டும்.

இவை ஏட்டளவில் சொல்லப்படுவன அல்ல. கோயம்புத்தூர் மாவட்டத்து வால்பாறையில், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே சிதைந்து நின்ற மழைக்காட்டுத் துண்டுகளை இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் முதலிய ஆய்வாளர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு மீட்டு வருகின்றனர். கருங்குங்கிலியம், நாங்கு, சிங்கவால் குரங்குகளுக்கு உணவாகும் வெடிப்பலா முதலிய உள்ளூர் மரங்களே அங்கு வளர்க்கப்படுகின்றன. வெட்டவெளியில் நட்ட கன்றுகளைவிட, நின்ற மரங்களின் நிழலில் நட்டவை நன்கு பிழைக்கின்றன என்பது அவர்கள் பட்டறிவிற் கண்ட உண்மைகளுள் ஒன்று.

கேரள அரசாங்கமும் 2017-இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தின் அங்கமாகப் பள்ளிகளில் பல்லுயிர்ப் பூங்காக்கள் அமைப்பதை ஊக்குவித்தது. பின்னர் வனத்துறை 'வித்யாவனம்' என்னும் திட்டத்தின்கீழ்ப் பள்ளி வளாகங்களில் சிறு வனங்களை வளர்க்கத் துணைநின்றது. ஜப்பானிய அறிஞர் அகிரா மியாவாக்கி (1928–2021) வகுத்த அடர்நடவு முறை அதற்கு வழிகாட்டியாயிற்று.

இனி, திட்டங்களால் மட்டும் தீராத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1950-இல் மத்திய உணவு அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி வனமகோற்சவத்தைத் தொடங்கிவைத்த காலம் முதல் நம் நாட்டில் கன்று நடும் விழாக்களுக்குக் குறைவில்லை. விழா முடிந்தபின் கோடையில் நீரூற்ற ஆளின்மையே குறை. பள்ளியின் சிறப்பு இங்குதான் விளங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்பு வெளியேறினும் இன்னொரு வகுப்பு வந்து சேர்கிறது. எந்தக் கன்று எந்நாளில் நடப்பட்டது, எவ்வளவு உயர்ந்தது, எது பட்டுப்போயிற்று என்பவற்றைக் குறிக்கும் ஒரு பதிவேடு இருந்தால், மூத்தோர் பொறுப்பை இளையோரிடம் முறையாக ஒப்படைக்கலாம்.

தோட்டப் பகுதிகளில் இப்பதிவேட்டுக்கு மற்றொரு பொருளும் உண்டு. வேலை குன்றியதும் குடும்பங்கள் மலையிறங்குகின்றன. முதல் வகுப்பில் கன்று நட்ட குழந்தை ஐந்தாம் வகுப்பில் அங்கு இல்லாமற் போகலாம். போன குழந்தை நட்டதை வந்த குழந்தை வளர்க்கிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் மக்களுக்கு இதனினும் பொருத்தமான பாடம் வேறில்லை. தன் கையால் வளர்த்த மரம் நிற்கும் இடத்தில் எக்குழந்தையும் அந்நியன் அல்லன்.

மொழிப்பயனும் இதில் உண்டு. நம் நாவல் மலையாளத்தில் ஞாவல். நம் அயனி அங்கே ஆஞ்ஞிலி. ஒரே பெயர்ப்பலகையில் இரண்டையும் எழுதும் சிறுவன், இரு மொழிகளின் உறவை மரத்தடியிலேயே கற்றுக்கொள்கிறான்.

இதைப் படிக்கும் நேயர்கள் தில்லியிலோ, மும்பையிலோ, பெங்களூரிலோ இருக்கலாம். இராமநாதபுரத்தார் நன்கறிந்த சீமைக்கருவேல்தான் தில்லியின் குன்றுக்காட்டிலும் பரவிக் கிடக்கிறது. நம் புரச மரத்தையே அங்குள்ளோர் 'டாக்' என்கின்றனர். அடுத்த முறை குழந்தையின் பள்ளிக்குச் செல்லும்போது கட்டடத்தின் பின்புறத்தையும் சற்றுப் பாருங்கள். அங்கு முளைத்திருப்பவற்றுள் எது களை, எது கன்று என்று ஆசிரியரையும் குழந்தையையும் கேட்டுப் பாருங்கள். மூவருக்கும் விடை தெரியாவிடின், அதனைத் தேடி அறிவதே முதற்பாடமாகட்டும்.