திரை காட்டும் நிறம் மெய்தானா?

ஒரே ஒளிப்படத்தை இரண்டு கணிப்பொறிகளில் திறந்து அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். மற்றதில் வெளிறிப்போய் ஊதாச் சாயல் தட்டும். படத்தில் பதிவாகியிருக்கும் எண்கள் இரண்டிலும் ஒன்றேதான். அப்படியானால் எந்தத் திரை உண்மை சொல்கிறது? படத்தைப் பார்த்து ரசிப்பவருக்கு இது பெரிய கேள்வி அல்ல. படத்தைத் திருத்துகிறவருக்கோ இதுதான் முதல் கேள்வி. எல்லாவற்றையும் சற்று மஞ்சளாகக் காட்டும் திரை ஒன்றை நம்பி அவர் முகத்தின் மஞ்சளைக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் நன்றாக இருந்த முகத்துக்கு அவர் நீலம் பூசிவிட்டார்! படம் அச்சாகி வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

திரையில் நிறம் எப்படி உண்டாகிறது? கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் வில்லையைப் போன்ற நல்ல உருப்பெருக்கி ஒன்று கிடைத்தால், திரையில் வெள்ளையாகத் தெரியும் இடத்தை அதன் வழியே உற்று நோக்குங்கள். வெள்ளை மறைந்துவிடும்! சிவப்பு, பச்சை, நீலம் என்று சின்னஞ்சிறு கோடுகளே வரிசை வரிசையாகத் தெரியும். இனி, மஞ்சளான ஓர் இடத்தைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒளிரும்; நீலம் அணைந்திருக்கும். மஞ்சள் ஒளி எங்குமே இராது. அந்தக் கலவையை மஞ்சள் என்று எடுத்துக்கொள்வது நம் கண்ணும் மூளையுமே.

இந்த உண்மையை 1861-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் செய்து காட்டினார். கட்டம் போட்ட ரிப்பன் ஒன்றைத் தாமஸ் சட்டன் என்பவர் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தனித்தனியாகப் படம் பிடித்துத் தந்தார். மூன்று படங்களையும் அதே நிற ஒளிகளால் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக மாக்ஸ்வெல் விழச் செய்ததும் ரிப்பன் வண்ணத்தில் தோன்றியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்காலத்து ஒளிப்படத் தட்டுகள் சிவப்பு ஒளியை உணரவே மாட்டா. ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் பிரதிபலித்திருக்க வேண்டும், அதுவே தட்டில் பதிந்திருக்க வேண்டும் என்று நூறு ஆண்டுகள் கழித்து, 1961-ல்தான் விளக்கம் கிடைத்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். மூன்று நிறங்களின் கலவைதான் எல்லாம் என்றால், திரைக்குத் திரை ஏன் வேறுபாடு? சிவப்பு என்றால் எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல என்பதே காரணம். ஒரு திரையின் சிவப்பு குங்குமம் போல் இருக்கும். இன்னொன்றின் சிவப்பு செங்கல்லைப் போல் இருக்கும். கண் காணக்கூடிய நிறங்களை எல்லாம் லாட வடிவமான ஒரு வரைபடத்தில் அடக்கி 1931-ல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் வெளியிட்டது. ஒரு திரையின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை அதில் மூன்று புள்ளிகளாகக் குறித்துக் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதற்கு வெளியே உள்ள எந்த நிறத்தையும் அந்தத் திரையால் காட்ட முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது!

ஆளுக்கொரு முக்கோணம் இருந்தால் குழப்பம்தானே? ஆகவே 1996-ல் ஹியூலெட் பேக்கார்டு, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் எஸ்-ஆர்.ஜி.பி. என்ற பொது முக்கோணத்தை முன்மொழிந்தன. வரைபடப் பரப்பில் ஏறத்தாழ 35 சதவீதத்தை அது அடக்கும். 1998-ல் வந்த அடோபி ஆர்.ஜி.பி. பச்சைப் பக்கமாக விரிந்து ஏறத்தாழப் பாதியைப் பிடிக்கும். அச்சு மையால் காட்ட முடிகிற சில பசுநீல நிறங்கள் முதலாவதில் அடங்கா, இரண்டாவதில் அடங்கும்.

பெரியதே நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறிய முக்கோணத்துக்காக எழுதப்பட்ட எண்களை மாற்றாமல் அப்படியே பெரிய முக்கோணத் திரைக்கு அனுப்பினால், முகங்கள் எல்லாம் வெயிலில் வெந்தவை போல் சிவந்து தெரியும். மாணவருக்கு எஸ்-ஆர்.ஜி.பி.யை முழுமையாக, ஏறத்தாழ 100 சதவீதம், காட்டும் திரையே போதும் என்பது என் கருத்து. விளம்பரத்தில் '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று கண்டால் ஒதுங்கிவிடுங்கள். அது வேறொரு பழைய அளவுகோல். அதில் ஏறத்தாழ 72 சதவீதம் இருந்தால்தான் எஸ்-ஆர்.ஜி.பி. அளவுக்குப் பரப்பு இருக்கும்.

அடுத்து, கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. ஒரு முகத்தின் படத்தைத் திரையில் வைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள், எழுந்து நின்று பாருங்கள். நிறம் மாறுகிறதா? டி.என். வகைத் திரைகளில் மாறும். அவற்றில் திரவப் படிக மூலக்கூறுகள் திருகுபோல் முறுக்கிக் கிடக்கின்றன. மின்னழுத்தம் தந்ததும் செங்குத்தாக எழுகின்றன. ஆகவே நேரே பார்ப்பவருக்கும் சாய்ந்து பார்ப்பவருக்கும் ஒளி வெவ்வேறு அளவில் வந்து சேருகிறது. ஐ.பி.எஸ். வகையில் மூலக்கூறுகள் திரையின் தளத்திலேயே படுத்தபடி திரும்புகின்றன. சாய்ந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. படம் திருத்த அதுவே ஏற்றது.

மற்றொரு சோதனை: கறுப்பிலிருந்து வெள்ளை வரை சீராக மாறும் ஒரு பட்டையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். நிறத்துக்கு 8 பிட் உள்ள திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். மொத்தம் 1,67,77,216 கலவைகள். 6 பிட் திரையில் 64 படிகளே. இடைப்பட்ட நிறங்களை அது வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கும். பட்டையில் மாடிப்படி தெரிந்தால் வானம், தோல் போன்ற மென்மையான பகுதிகளிலும் அது தெரியும்.

அளவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 24 அங்குலத்தில் 1920 x 1080 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்கு 92 புள்ளிகள். 27 அங்குலத்தில் 2560 x 1440 என்றால் 109. இரண்டும் வேலைக்கு ஆகும்.

"திரையில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் இருண்டுவிட்டதே!" என்று பலர் குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் குற்றம் அச்சகத்தினுடையது அல்ல. புதுத் திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 250 கேண்டலாவுக்கு மேல்கூட இருக்கும். காகிதமோ அறையின் ஒளியைத் திருப்பி அனுப்புவது மட்டுமே. பளிச்சிடும் திரையைப் பார்த்துப் படத்தை நாம் இருட்டாக்கிவிடுகிறோம். படம் திருத்துவோர் 80 முதல் 120 கேண்டலா வரை வைத்துக்கொள்வர். அளக்கக் கருவி இல்லையா? ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்து, திரையின் வெள்ளை தாளின் வெள்ளையை ஒத்து வரும்வரை ஒளிர்வைக் குறையுங்கள். நிற வெப்பநிலை என்ற அமைப்பை 6500 கெல்வினில் வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதிருக்கட்டும்.

கருவி கிடைத்தால் வேலை செம்மையாகும். நிறமானி என்னும் அச்சிறு கருவியைத் திரைமேல் தொங்கவிட்டால், கணிப்பொறி வரிசையாக நிறங்களைக் காட்டும். கருவி அவற்றை அளக்கும். காட்ட வேண்டியதற்கும் காட்டியதற்கும் உள்ள வேறுபாடு ஒரு திருத்தக் கோப்பாகப் பதிவாகும். திரையின் பின்விளக்கு நாளடைவில் மங்கி நிறம் மாறுவதால், இத்தொழிலில் இருப்போர் மாதம் ஒருமுறை அளப்பதுண்டு. திரையைப் போட்டவுடன் அளக்கக் கூடாது. பின்விளக்கு சூடேறி நிலைபெற ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும்.