அளந்தறிந்த மேதை

எண்ணூரிலிருந்து கரையோரமாக வடக்கே சென்றால் பழவேற்காடு ஏரியும், அதை அடுத்து ஸ்ரீஹரிகோட்டாவும் வரும். அங்கிருந்து ராக்கெட் கிளம்பும்போது திருவொற்றியூர், ராயபுரத்து ஜனங்கள் மாடிகளில் ஏறி நின்று பார்க்கிறார்கள். அந்நிலையத்திற்கு 2002-ஆம் ஆண்டு சூட்டப்பெற்ற பெயர் ஸ்ரீ சதீஷ் தவானுடையது. ராக்கெட் விட்டவர் என்றே நம்மவர் அவரை அறிவர். ஆனால் அவர் முதன்மையாகக் காற்றின் ஓட்டத்தை ஆராய்ந்த பரிசோதனை விஞ்ஞானி என்பதை நினைவூட்ட விரும்புகிறோம்.

1920-இல் ஸ்ரீநகரில் பிறந்து, லாகூரில் பௌதிகம், கணிதம், ஆங்கில இலக்கியம், இயந்திர சாஸ்திரம் ஆகியவற்றைப் பயின்ற அவர், 1951-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். விரைந்தோடும் காற்று ஒரு தகட்டை எவ்வளவு உராய்கிறது? தகட்டின் சிறு துண்டொன்றை மட்டும் அசையுமாறு அமைத்து, அதைக் காற்று இழுக்கும் விசையை அவர் நேரே அளந்தார். பிறர் கணக்கினால் ஊகித்ததைக் கருவியினால் கண்டறிந்தார். அவ்வாண்டே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்து, ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்றோடும் சிறு சுரங்கம் ஒன்றை நிறுவினார். 1962-இல் அக்கழகத்தின் தலைவரானார். 1972-இல் விண்வெளித் துறையின் பொறுப்பும் அவரை அடைந்தது.

1979 ஆகஸ்டில் ராக்கெட் கடலில் விழுந்தபோது, பத்திரிகையாளர்முன் தாமே நின்று பொறுப்பேற்றார். 1980 ஜூலையில் வெற்றி கிட்டியபோதோ, ஜனாப் அப்துல் கலாமை முன்னிறுத்தித் தாம் ஒதுங்கினார். கருவி காட்டும் அளவை மறையாது ஏற்கும் பழக்கமே இந்நேர்மைக்கு வித்து என்பது நமது அபிப்பிராயம். முதுமையிலும் அவர் ஓயவில்லை. பழவேற்காட்டுப் பறவைகளைக் கவனித்தார். அவை பறக்கும் விதத்தைப் பற்றி 1991-இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

இதனால் வடசென்னைக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். நமது துறைமுகத்தின் கற்சுவர்கள் வடக்கு நோக்கிச் செல்லும் மணலைத் தடுத்தமையால், தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரக் கரையைக் கடல் தின்றது. நீரோட்டத்தை அளந்தறியாமல் கொட்டும் கல் ஓரிடத்தைக் காத்து, அடுத்த குப்பத்தை அழிக்கும். காற்றுக்கும் நீருக்கும் ஓட்டத்தின் சாஸ்திரம் ஒன்றே. ராக்கெட்டைக் கண்டு கைதட்டும் நம் வாலிபரில் சிலராவது, கைக்கருவியுடன் அலைமுன் நிற்க முன்வருவாராக! அம்மேதையின் பெயருக்கு நாம் செலுத்தும் மெய்யான மரியாதை அதுவேயாகும்.