பிடித்தவர் ஒருவர்... வளைத்தவர் யார்?

குழந்தைகளே! பொங்கல் வந்துவிட்டால் பாபநாசம் பக்கத்து ஊர்களில் கபடி களைகட்டிவிடும். பாடி வந்தவரின் கணுக்காலைப் பிடித்து ஒருவர் மடக்கினால், கைதட்டல் எல்லாம் அவருக்குத்தான். எதிர்க்கோடியில் நின்றவரை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது, "அவன் ஒண்ணுமே பிடிக்கலையே!" என்று அவரை உட்கார வைத்துவிடுவதும் உண்டு. இது நியாயம்தானா? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

கபடியில் ஓர் அணிக்கு 7 பேர். இரு கோடியிலும் நிற்பவர்களைக் கார்னர் என்போம். வலது கார்னர் ஓர் அடி முன்னே வந்து மிரட்டினால், பாடி வருபவர் இடப்பக்கம் ஒதுங்குவார். அங்கே காத்திருக்கும் இடது கார்னர் காலைப் பிடித்துவிடுவார். வேலை இருவருடையது, புள்ளியோ பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் எழுதப்படும்.

புரோ கபடியில் இப்படிப் புகழ் பெற்ற ஜோடி சுரேந்தர் நாடாவும் மோஹித் சில்லரும். நாடா இடது கார்னர், மோஹித் வலது கார்னர். 2015-ல் யு மும்பா அணி கோப்பையை வென்றபோது இருவரும் அதில் இருந்தார்கள். 2016-ல் பெங்களூரு, 2017-ல் ஹரியானா என்று அணி மாறியபோதும் சேர்ந்தே ஆடினார்கள். 2016 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா 38-29 என்று ஈரானை வென்றது. அந்த இந்திய அணியில் இவர்கள் இருவரோடு நம் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனும் இருந்தார். அவரும் பிடிப்பதில் வல்லவர்!

சரி, ஒரு ஜோடியை எப்படி அளப்பது? இதற்கு வழி காட்டுவது கனடா, அமெரிக்காவில் ஆடும் ஐஸ் ஹாக்கி. அதில் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் இருவராகவே பனித்தளத்தில் இறங்குவார்கள். முன்பெல்லாம் ஒருவர் களத்தில் இருக்கும்போது விழுந்த கோல்களை மட்டும் எண்ணினார்கள். கோல் அபூர்வமாகத்தான் விழும் என்பதால் அந்தக் கணக்கு போதவில்லை. எனவே கோலை நோக்கி அடித்த எல்லா முயற்சிகளையும் எண்ணத் தொடங்கினார்கள். கோல்கீப்பர் பயிற்சியாளர் ஜிம் கோர்சியின் பெயரால் இதைக் 'கோர்சி' என்பார்கள். அடுத்து, 'இருவரும் சேர்ந்து ஆடும்போது எப்படி? பிரிந்து ஆடும்போது எப்படி?' என்றும் ஒப்பிட்டார்கள்.

அதையே கபடிக்குப் போடுவோம். இது கற்பனைக் கணக்கு. முத்து இடது கார்னர், பாலு வலது கார்னர். மூன்று நிலையிலும் எதிரணி 20 முறை பாடி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் சேர்ந்து: எதிரணி எடுத்த புள்ளி 6, நம் அணி பிடித்தது 8.
முத்து மட்டும், பாலு வெளியே: எதிரணி எடுத்த புள்ளி 13, பிடித்தது 4.
பாலு மட்டும், முத்து வெளியே: எதிரணி எடுத்த புள்ளி 7, பிடித்தது 7.

இதில் முத்து தன் கையால் பிடித்தது 9. பாலு பிடித்தது 3 தான். 'முத்துதான் கெட்டிக்காரன், பாலுவை எடுத்துவிடலாம்' என்று தோன்றுகிறதல்லவா? பொறுங்கள்! 100 பாட்டுக்கு எத்தனை புள்ளி போகிறது என்று பாருங்கள். சேர்ந்து ஆடினால் 30. பாலு இல்லாவிட்டால் 65. முத்து இல்லாவிட்டால் 35. அதாவது, பாலு வெளியே போனால்தான் அரண் இடிகிறது. அவர் பிடிக்கவில்லை, ஆனால் பாடி வருபவரை மற்றவர் கைக்கு அனுப்பி வைக்கிறார்!

இங்கே மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, 20 பாட்டு மிகக் குறைவு. பல ஆட்டங்களைச் சேர்த்து எண்ணினால்தான் நம்பலாம். இரண்டு, பாடி வந்தவர் எப்படிப்பட்டவர் என்று பாருங்கள். கெட்டிக்காரரிடம் புள்ளி போவதும், புதியவரிடம் போவதும் ஒன்றல்ல. மூன்று, களத்தில் 7 பேர் இருந்தார்களா, 3 பேர்தானா என்றும் குறியுங்கள். ஆள் குறைந்தால் பிடிப்பது கடினம். அதனால்தான் 3 பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் ஒரு புள்ளி கூடுதலாகத் தருகிறார்கள்.

அடுத்த முறை உங்கள் தெருவில் கபடி நடந்தால், ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: கார்னரில் நின்றவர்கள் யார், களத்தில் எத்தனை பேர், பாடி வந்தவர் யார், என்ன நடந்தது. பாடி வந்தவர் வெறுங்கையோடு திரும்பினாலும் மறக்காமல் எழுதுங்கள். அதுவும் தடுத்தவர்களின் உழைப்புதான்.

உங்கள் அணியிலும் ஒரு பாலு இருக்கலாம். அவரை உட்கார வைப்பதற்கு முன் ஒரு முறை எண்ணிப் பாருங்கள், செல்லங்களே!