மகுடம் துறக்காத மன்னருக்கு ஒரு படை

நடக்காத உள்நாட்டுப் போருக்கு நடந்த சரித்திரத்திலிருந்து ஆள் சேர்க்கிறார்கள் பிரிட்டனின் பொம்மைப் போர் ரசிகர்கள்

1936 டிசம்பர் 10. காதலி வாலிஸ் சிம்ப்சனுக்காக அரியணையைத் துறக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டார் எட்டாம் எட்வர்டு - பிரிட்டனின் மன்னர், இந்தியாவின் சக்கரவர்த்தி. தம்பி ஆறாம் ஜார்ஜ் மன்னரானார். ஒரு குண்டுகூட வெடிக்காமல் நெருக்கடி தீர்ந்தது.

தீராமல் போயிருந்தால்? இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் 'எ வெரி பிரிட்டிஷ் சிவில் வார்' என்ற விளையாட்டு. இதில் எட்வர்டு பதவி விலக மறுக்கிறார். பிரதமர் பால்ட்வின் ராஜினாமா செய்ய, ஃபாசிஸ்ட் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லி பிரதமராகிறார். 1938-ல் நாடு துண்டு துண்டாகிறது. மன்னரின் படை, கறுப்புச் சட்டை ஃபாசிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், ஆங்கிலிக்கன் சபையினர், உள்ளூர்க் குழுக்கள் என்று எல்லோரும் மேஜைமேல் இறங்குகிறார்கள்.

எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே பொம்மைப் போருக்கு விதிமுறைப் புத்தகம் எழுதினார். அந்தப் பொழுதுபோக்கின் வாரிசு இது. சுமார் 28 மி.மீ. உயர பொம்மைகளுக்குக் கையால் வர்ணம் தீட்டி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி மோதுகிறார்கள். சிக்கல் ஒன்றுதான்: நடக்காத போருக்கு வீரர்களை எங்கே வாங்குவது?

பக்கத்துப் போர்களில்தான். 1938-ன் பிரிட்டிஷ் சிப்பாய் பெரும்பாலும் முதல் உலகப்போர்ச் சிப்பாய் போலவே இருந்தார் - அதே தட்டையான இரும்புத் தொப்பி, அதே காலில் சுற்றிய பட்டி, அதே லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. எனவே 1918-ன் பொம்மைகள் அப்படியே பொருந்தும். சோஷலிஸ்டுகளுக்கு ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் தொழிலாளர் படைகள் கைகொடுக்கும். கிராமத்துக் குழுக்களுக்கு 1940-ல் உருவான ஹோம் கார்டு: ஆரம்ப நாட்களில் சாதாரண உடையில் கைப்பட்டை மட்டும் கட்டியிருந்தவர்கள். ஆனால் கையில் ஸ்டென் துப்பாக்கி இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். அது வந்தது 1941-ல். கற்பனைக்கும் ஒரு காலக் கணக்கு உண்டு.

உறுத்தலான தேர்வு கறுப்புச் சட்டைதான். 1936 அக்டோபர் 4 அன்று லண்டன் கேபிள் தெருவில் மோஸ்லியின் ஊர்வலத்தை மக்கள் தடுப்பு அமைத்து மறித்தார்கள். அந்த ஆண்டே நிறைவேறிய சட்டம், 1937 ஜனவரி 1 முதல் அரசியல் சீருடைகளைத் தடை செய்தது. 1940-ல் மோஸ்லி சிறை வைக்கப்பட்டார். நிஜத்தில் வீதியில் தடை செய்யப்பட்ட உடை, மேஜையில் ஆட்சியாளரின் உடை. அதற்கு யாராவது வர்ணம் பூசத்தான் வேண்டும். எதிரி இல்லாமல் ஆட்டம் ஏது?

பர்ஸ் இளைத்தவர்களுக்கு ஒரு வழி: சீருடையே இல்லாதவர்களை வாங்குவது. தட்டைத் தொப்பியும் கோட்டும் அணிந்த விவசாயி, தபால்காரர், வேட்டைத் துப்பாக்கி ஏந்திய பண்ணையார். முப்பது நாற்பது பேர் இருந்தால் ஒரு தரப்பு தயார். கைப்பட்டைக்கு நிறம் தீட்டாமல் விட்டால் அவர்களே இன்று சோஷலிஸ்டுகள், அடுத்த வாரம் சபையின் தொண்டர்கள். சிக்கனத்துக்காகச் செய்யும் இந்தத் தேர்வுதான் உள்நாட்டுப் போரின் நிஜத்தைத் தொடுகிறது. அன்னியப் படையெடுப்பில் எதிரியைச் சட்டையே காட்டிக் கொடுக்கும். இங்கே இரு பக்கமும் ஒரே தெருக்காரர்கள். பிரிப்பது ஒரு துண்டுத் துணி.

கடைசி வேலை, கீழே விழாமலிருக்க பொம்மைக்கு அடித்தட்டு ஒட்டுவது. பலர் பயன்படுத்துவது இரண்டு பென்ஸ் நாணயம். அதில் பொறித்திருக்கும் முகம் பெரும்பாலும் இரண்டாம் எலிசபெத்துடையது. பெரியப்பா எட்வர்டு விலகியதால் 1936-ல் வாரிசு வரிசையில் முன்னுக்கு வந்த சிறுமி. மன்னர் மகுடம் துறக்காத கதையின் வீரர்கள், துறந்ததால் வந்த அரசியின் தலைமேல் நின்றுதான் சண்டை போடுகிறார்கள்.